மண் விடும் மூச்சு: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் மண்ணைப் பற்றி எழுதும்போது, உலகத்தின் தொழிற்சாலைகளும் வண்டிகளும் சேர்ந்து வெளியிடும் கார்பனைவிடப் பல மடங்கு அதிகமான கார்பன் மண்ணிலிருந்து காற்றுக்குப் போகிறது, போக வைப்பவை நுண்ணுயிர்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒற்றை வரிக்கு வந்த கேள்விகள்தான் இந்த இதழ் முழுக்க. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். கோபமாகக் கேட்டவரை முதலில் வைத்திருக்கிறேன்.

(கீழே டன் என்று வருவதெல்லாம் கார்பனின் எடை. கார்பன் டை ஆக்சைடாக வேண்டுமென்றால் 3.67-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். வேறு கணக்கு வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.)

கேள்வி: மண்ணே இவ்வளவு விடுகிறதென்றால் மனிதன் விடுகிற கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் இத்தனை கூச்சல்?

பதில்: கிண்டலாகக் கேட்டிருந்தாலும் நல்ல கேள்வி. நிலத்திலுள்ள செடி கொடி மரங்கள் ஓர் ஆண்டில் ஒளிச்சேர்க்கையால் காற்றிலிருந்து எடுக்கும் கார்பன் சுமார் 12,000 கோடி டன். அதில் ஏறத்தாழ பாதியைத் தாவரங்களே சுவாசித்து வெளியே விட்டுவிடுகின்றன. மீதிப் பாதி இலை, தண்டு, வேர் என்று உடம்பாகி, உதிர்ந்து, செத்து, மண்ணுக்கு வந்து சேர்கிறது. அதைத் தின்று சுவாசித்துக் கார்பன் டை ஆக்சைடாக மறுபடி காற்றுக்கே அனுப்புவது பாக்டீரியாவும் பூஞ்சையும். வருடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கோடி டன். நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்து நாம் அனுப்புவது சுமார் 1,000 கோடி டன்.

எண்ணை மட்டும் பார்த்தால் நாம் சின்ன ஆள்தான். ஆனால் மண் விடுவதற்கு எதிரே செடிகள் எடுப்பது இருக்கிறது. இரண்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஏறக்குறைய சமமாக ஓடிக்கொண்டிருந்ததால்தான் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 280 பங்கை ஒட்டியே இருந்தது. நாம் எரிப்பதற்கு எதிரே அப்படி எதுவும் இல்லை. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கூடுதலாக வந்தது நம்முடையதுதானா என்று சந்தேகமிருந்தால் அதற்கும் சாட்சி உண்டு. மண்ணிலிருந்து வருவதில் பெரும்பகுதி அண்மைக் காலத்தில் காற்றிலிருந்து போன கார்பன், அதில் கார்பன்-14 (காலம் போகப் போகத் தானே சிதைந்து தீரும் கதிரியக்கக் கார்பன்) கொஞ்சம் இருக்கும். பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியில் கார்பன்-14 முழுக்கத் தீர்ந்து போயிருக்கும். காற்றின் கார்பன்-14 விகிதம் இப்படி நீர்த்துப்போவதை ஹான்ஸ் சூஸ் 1950களிலேயே அளந்து காட்டிவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் வெளியிடுவதில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் காடும் மண்ணும் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இன்றைக்கு மண் நம் பக்கம். நாளைக்கும் இருக்குமா என்பதில்தான் கவலை, ஏனென்றால் ஆறாயிரம் கோடி டன் ஓட்டத்தில் நூற்றுக்குப் பத்து கூடினாலே 600 கோடி டன், நாம் எரிப்பதில் பாதிக்கும் மேல்.

கேள்வி: மண்ணில் கார்பன் இருக்கிறது என்கிறீர்கள். கையில் எடுத்துப் பார்த்தால் மண்தான் தெரிகிறது. கார்பன் எந்த உருவத்தில், எங்கே ஒளிந்திருக்கிறது?

பதில்: மேல் ஒரு மீட்டர் மண்ணில் மட்டும் உயிர்வழி வந்த கார்பன் சுமார் 1,50,000 கோடி டன் இருக்கிறது. காற்று மண்டலம் முழுவதும் இருப்பது 88,000 கோடி டன் அளவுக்குத்தான், உலகத்தின் மரஞ்செடிகள் அத்தனையிலும் இருப்பது அதையும்விடக் குறைவு. மண் கறுப்பாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உருவம் என்றால், முன்பெல்லாம் பாடப் புத்தகத்தில் இப்படி இருந்தது: இலையில் எளிதாக மக்குவது முதலில் போய்விடும், மரச்சத்தான லிக்னின் போன்ற கடினமான பகுதிகள் மக்காமல் தங்கி மட்காகிவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடந்த இருபது வருட ஆராய்ச்சி இதைப் பெரிய அளவில் புரட்டிப் போட்டுவிட்டது. லிக்னின் அப்படியொன்றும் நிலைத்து நிற்பதில்லை, சாதகமான மண்ணில் சில பத்தாண்டுகளுக்குள் போய்விடும். மிக எளிதாகத் தின்னக்கூடிய சர்க்கரையும் புரதமும் நூற்றாண்டுக் கணக்கில் தங்கியிருப்பதும் உண்டு. எப்படி? நுண்ணுயிர் இலையைத் தின்று தன் உடம்பாக்கிக்கொள்கிறது, பிறகு சாகிறது. அதன் செல் சுவரும் உள்ளிருந்த புரதமும் களிமண் துகளின் மேலும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் மேலும் ஒட்டிக்கொள்கின்றன, அல்லது மண் கட்டிகளுக்கு நடுவேயுள்ள நுண்ணிய துளைகளில் மாட்டிக்கொள்கின்றன. அப்புறம் வேறு நுண்ணுயிரின் நொதி அங்கே எட்டாது. தின்ன முடியாத பொருளாக இருப்பதைவிடத் தின்ன முடியாத இடத்தில் இருப்பதுதான் பெரிய பாதுகாப்பு.

ஒரு கிராம் நல்ல மண்ணில் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கலாம் என்றாலும் மண்ணின் கார்பனில் உயிரோடிருக்கும் நுண்ணுயிர்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்குள்தான். செத்தவற்றின் பங்கோ பயிர் நிலங்களிலும் புல்வெளிகளிலும் ஏறக்குறைய பாதி. இதை எப்படி அளக்கிறார்கள் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். பாக்டீரியாவின் செல் சுவரில் மட்டும் இருக்கும் மியூராமிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது, பூஞ்சையின் சுவரில் கைட்டினிலிருந்து வரும் குளுக்கோசமைன் இருக்கிறது. மண்ணில் இவை எவ்வளவு என்று பார்த்து உடல்களைக் கணக்குப் போடுகிறார்கள். தோராயமான கணக்குதான், ஆனாலும் மண்ணைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது இது. கார்பனைக் காற்றுக்கு விரட்டுகிறவை என்று நாம் சந்தேகப்படும் அதே உயிர்கள்தான், செத்த பிறகு, கார்பனைப் பிடித்து வைப்பவையும். இனி வரும் எல்லாக் கேள்விக்கும் பதில் இதைச் சுற்றியே இருக்கும்.

கேள்வி: சூடு ஏறினால் பாக்டீரியா வேகமாகத் தின்னும், அதிகமாக மூச்சு விடும், இன்னும் சூடு ஏறும், இன்னும் வேகமாகத் தின்னும். இதற்கு முடிவே கிடையாதா?

பதில்: ஆய்வகத்தில் ஒரு பாட்டிலில் மண்ணைப் போட்டு 10 டிகிரி செல்சியஸ் கூட்டினால் அது விடும் கார்பன் டை ஆக்சைடு தோராயமாக இரண்டு மடங்காகும். நொதிகள் சூட்டில் வேகமாக வேலை செய்யும், அவ்வளவுதான் விஷயம். இதை அப்படியே உலகத்துக்கு நீட்டினால் நீங்கள் சொல்கிற முடிவில்லாத சுழல் வந்துவிடும். ஆனால் வெளியே, நிஜ மண்ணில், கதை வேறு மாதிரி போகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹார்வர்டு காடு என்று ஓர் ஆராய்ச்சிக் காடு இருக்கிறது. 1991இல் ஜெர்ரி மெலில்லோவின் குழு அங்கே மண்ணுக்குள் மின்கம்பிகளைப் புதைத்து, பக்கத்து மண்ணைவிட 5 டிகிரி கூடுதலாகவே இருக்கும்படி சூடேற்ற ஆரம்பித்தது. முதல் பத்து வருடம் எதிர்பார்த்தபடியே கார்பன் கொட்டியது. பிறகு நின்றுவிட்டது! ஏழு வருடம் போல, சூடேற்றிய மண்ணுக்கும் ஏற்றாத மண்ணுக்கும் வித்தியாசமே இல்லை. சரி, மண் பழகிக்கொண்டது என்று பலரும் நிம்மதியானார்கள். 2008 வாக்கில் மறுபடி கொட்ட ஆரம்பித்தது, ஆறு வருடம் கழித்து மறுபடி நின்றது. 2017இல் 26 ஆண்டுக் கணக்கை வெளியிட்டபோது, மேல் 60 சென்டிமீட்டரில் இருந்த கார்பனில் 17 சதவீதம் போயிருந்தது.

ஏன் இப்படி நின்று நின்று? அவர்கள் தந்த விளக்கம்: எளிதாகக் கிடைக்கும் தீனி முதலில் தீர்ந்தது, நுண்ணுயிர்களின் எண்ணிக்கையும் விழுந்தது. அந்த அமைதியான ஆண்டுகளில் மண்ணுக்குள் ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சத் தீனியில் பிழைக்கத் தெரிந்த, கடினமான பொருளை உடைக்கத் தெரிந்த இனங்கள் கை ஓங்கி, முன்பு யாரும் தொடாததைத் தொட ஆரம்பித்தன. பதினேழு வருடம் அளந்துவிட்டு ஆய்வை மூடியிருந்தால் நமக்கு நேர்மாறான முடிவு கிடைத்திருக்கும். மண் ஆராய்ச்சிக்கு மூன்று வருடத் திட்டப் பணம் ஒதுக்குகிறவர்கள் இதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஐஸ்லாந்தில் இதே சோதனையைப் பூமியே செய்து கொடுத்தது. 2008இல் வந்த நிலநடுக்கத்தில் பூமிக்கடியிலிருந்த வெந்நீர்ப் பாதை இடம் மாறி, அதுவரை குளிர்ந்திருந்த புல்வெளி மண் சூடாகிவிட்டது. பக்கத்திலேயே ஐம்பது ஆண்டுக்கும் மேலாகச் சூடாக இருக்கும் புல்வெளியும் இருந்ததால் ஒப்பிட வசதி. அங்கே தெரிந்தது இது: ஒவ்வொரு நுண்ணுயிரும் தனித்தனியாகப் பார்த்தால் வேகமாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது, அந்த வேகம் குறையவே இல்லை. ஆனால் தீனி குறைந்ததால் தலைகள் குறைந்துவிட்டன. மொத்தத்தில் மண் புதிய, தாழ்ந்த ஒரு நிலையில் போய் அமர்ந்துகொண்டது.

ஆகவே முடிவு உண்டு. ஆனால் அந்த முடிவு வரும்போது கார்பனில் ஒரு பங்கு ஏற்கெனவே காற்றுக்குப் போயிருக்கும். மேலே சொன்ன இரண்டும் குளிர்நாட்டு மண் என்பதையும் மறக்க வேண்டாம். பனாமாவின் வெப்பமண்டலக் காட்டில் மண்ணை 4 டிகிரி சூடேற்றி இரண்டு ஆண்டு பார்த்ததில் வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு 55 சதவீதம் கூடியது. வெப்பமண்டல மண் ஏற்கெனவே சூடு, அது பெரிதாக அசையாது என்று நினைத்திருந்தவர்களுக்கு 2020இல் வந்த அந்த முடிவு நல்ல அடி. கலிபோர்னியாவில் ஒரு மீட்டர் ஆழம் வரை சூடேற்றிப் பார்த்தவர்கள், பத்திரமாக இருக்கும் என்று எண்ணியிருந்த அடிமண்ணிலேயே ஐந்தாண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு கார்பன் போனதைக் கண்டார்கள்.

கேள்வி: ஆக, உலகம் முழுக்க எவ்வளவு போகும்? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன். சொன்னவர்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 2016இல் தாமஸ் கிரவ்தரும் பலரும் சேர்ந்து 49 களச் சோதனைகளைத் தொகுத்து, இப்படியே போனால் 2050க்குள் மேல் மண்ணிலிருந்து 5,500 கோடி டன் போகலாம் என்றார்கள். பெரிய செய்தியாயிற்று. அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் 5,000 கோடி என்று போட்டிருந்ததைச் செய்திகள் கண்டுகொள்ளவில்லை! 2018இல் வேறொரு குழு இன்னும் பல இடங்களின் தரவைச் சேர்த்து, 143 இடங்களை வைத்து, அதே கணக்கைத் திருப்பிப் போட்டது. முன்பு தெரிந்த அந்தத் தெளிவான போக்கு கரைந்துவிட்டது. இது கார்பன் போகாது என்பதற்கு ஆதாரமாகிவிடாது. ஓர் இடத்து மண்ணில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எவ்வளவு போகும் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு ஆதாரம். களிமண் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, எந்த நுண்ணுயிர்கள், எந்தச் செடிகள் என்று எல்லாம் குறுக்கே வருகின்றன.

காலநிலை மாதிரிகளில் நீண்ட காலமாக நுண்ணுயிர் என்ற பேச்சே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மண் கார்பனைச் சில பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிதைவு வேகம் கொடுத்து, சூடு ஏற ஏற வேகத்தைக் கூட்டுவார்கள். இப்போதுதான் நுண்ணுயிரின் வளர்ச்சியையும் சாவையும் கணக்குக்குள் கொண்டுவருகிறார்கள். கொண்டுவந்ததும் விடைகள் ஒன்றுக்கொன்று விலகி ஓடுகின்றன, அதுவும் உண்மை.

கேள்வி: நுண்ணுயிர் தின்பதில் எவ்வளவு மூச்சாகப் போகிறது, எவ்வளவு உடம்பாக நிற்கிறது? அது சூட்டில் மாறுமா?

பதில்: இந்த இதழின் மிக நல்ல கேள்வி இதுதான், ஒரு கல்லூரி மாணவி அனுப்பியது. சம்பளம் வாங்குகிற இரண்டு பேரில் ஒருவர் முழுக்கச் செலவழிக்கிறார், இன்னொருவர் பாதியை வீடு கட்டப் போடுகிறார் என்றால் வருமானம் ஒன்றாக இருந்தாலும் பத்து வருடத்தில் நிலைமை வேறு. நுண்ணுயிரும் அப்படித்தான். தின்ற கார்பனில் உடம்பாக மாறும் பங்கைக் கார்பன் பயன்பாட்டுத் திறன் என்கிறார்கள். மண்ணில் இது பெரும்பாலும் 20-லிருந்து 60 சதவீதத்துக்குள் எங்காவது இருக்கும். திறன் கூடினால் உடல்கள் அதிகம், செத்த உடல்கள் அதிகம், களிமண்ணில் ஒட்டுவது அதிகம். 2023இல் வந்த ஓர் ஆய்வு உலகெங்கும் எடுத்த மண் மாதிரிகளையும் கணினி மாதிரியையும் சேர்த்துப் பார்த்து, ஓர் இடத்தில் எவ்வளவு கார்பன் சேர்ந்திருக்கிறது என்பதைத் தீர்மானிப்பதில் இந்தத் திறனுக்கு இருக்கும் செல்வாக்கு, எவ்வளவு இலைதழை உள்ளே வருகிறது, எவ்வளவு வேகமாக மக்குகிறது போன்ற மற்ற காரணங்களைப் போல் குறைந்தது நான்கு மடங்கு என்றது.

சூட்டில் மாறுமா என்றால், பெரும்பாலும் குறையும். உடம்பைப் பராமரிக்கவே அதிகச் சக்தி போய்விடும். ஆனால் எல்லாத் தீனிக்கும் ஒரே மாதிரி குறைவதில்லை. ஹார்வர்டு காட்டு மண்ணிலேயே பார்த்தார்கள்: எளிய சர்க்கரையைக் கொடுத்தால் சூடு ஏறியும் திறன் பெரிதாக விழவில்லை, ஃபீனால் போன்ற சிக்கலான பொருளைக் கொடுத்தால் விழுந்தது. 18 ஆண்டுகள் சூட்டில் இருந்த மண்ணில் அந்த வீழ்ச்சியும் மட்டுப்பட்டிருந்தது. நைட்ரஜன், பாஸ்பரஸ் போதாத மண்ணிலும் திறன் அடிபடும், ஏனென்றால் உடம்பு கட்டக் கார்பன் மட்டும் போதாது. மிஞ்சிய கார்பனை மூச்சாக விட்டுத்தான் தீர்க்க வேண்டும். எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்பதையே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம். தின்றதை என்ன செய்கிறது என்பதைப் பேச ஆரம்பித்தால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் கட்சி.

கேள்வி: வட துருவத்தில் உறைந்திருக்கும் மண் உருகினால் மீத்தேன் குண்டு வெடிக்கும் என்று காணொளிகள் பார்த்தேன். உண்மையா?

பதில்: குண்டு என்ற சொல்லைத் தூக்கிப்போடுங்கள், மீதியை வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் அந்த நிலப்பகுதிகளில், ஆழத்தையும் சேர்த்தால், சுமார் 1,50,000 கோடி டன் கார்பன் இருக்கிறது. காற்றிலிருப்பதைப் போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. செத்த செடிகள் மக்குவதற்குள் உறைந்துபோனவை, சில பத்தாயிரம் ஆண்டுப் பழசு. ஆர்க்டிக் பகுதியோ 1979க்குப் பிறகு உலகச் சராசரியைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிறது.

உருகிய பின் என்ன நடக்கும் என்பது தண்ணீர் வடிகிறதா, தேங்குகிறதா என்பதைப் பொறுத்தது. வடிந்தால் ஆக்சிஜன் உள்ளே போகும், கார்பன் டை ஆக்சைடு வரும். தேங்கினால் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் ஆர்க்கியா என்ற தனி வகை நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்கும். மீத்தேன் எடைக்கு எடை 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல் 80 மடங்கு சூடு பிடிக்கும், 100 ஆண்டுக் கணக்கில் 28 மடங்கு அளவுக்கு. ஸ்வீடனின் ஸ்டோர்டாலன் சதுப்பில் உருகும் மண்ணில் செழித்து வளரும் அப்படியொரு ஆர்க்கியாவைக் கண்டுபிடித்து 2014இல் பெயரிட்டார்கள்: மெத்தனோஃப்ளோரன்ஸ் ஸ்டோர்டாலன்மைரென்சிஸ். வாயில் நுழையாத பெயர், ஆனால் அந்தச் சதுப்பின் மீத்தேனில் அதன் பங்கு பெரிது.

காணொளியில் வராத பாத்திரம் ஒன்று இருக்கிறது. மீத்தேனைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள், சேற்றுக்கு மேலே ஆக்சிஜன் இருக்கும் மெல்லிய அடுக்கில் உட்கார்ந்துகொண்டு, கீழிருந்து வருவதில் பெரும்பங்கை மேலே போகவிடாமல் தீர்த்துவிடும். அவற்றின் கண்ணில் படாமல் தப்பும் வழியும் உண்டு: கோரை வகைச் செடிகளின் உள்ளே காற்றுக்குழாய் இருக்கும், மீத்தேன் அது வழியாக நேரே வெளியே வந்துவிடும். அதனால் உருகிய இடத்தில் எந்தச் செடி முளைக்கிறது என்பதுகூடக் கணக்கில் சேரும். மொத்தத்தில் ஒரே நாளில் வெடிப்பதைவிட, பல பத்தாண்டுகளுக்கு நிற்காமல் கசிவதுதான் எதிர்பார்க்கப்படுகிறது. கசிவு வெடிப்பைவிட ஆறுதலான விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அதை அடைக்க ஒரு திருகும் கிடையாது.

கேள்வி: அந்த உறைமண்ணிலிருந்து பழைய காலக் கிருமிகள் எழுந்து வருமாமே?

பதில்: 2016இல் சைபீரியாவின் யமால் பகுதியில் ஆந்த்ராக்ஸ் பரவி ஆயிரக்கணக்கான கலைமான்கள் செத்தன, ஒரு சிறுவனும் இறந்தான். உருகிய மண்ணிலிருந்து வந்திருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. அதனால் கற்பனை என்று தள்ள மாட்டேன். ஆனால் அந்த மண்ணில் எழும் உயிர்களில் மிகப் பெரும்பாலானவைக்கு நம்மேல் அக்கறை கிடையாது, மக்காத வேர்மேல்தான்.

கேள்வி: ஈரமான சதுப்பில் எதுவும் சீக்கிரம் மக்காது என்கிறார்கள். தண்ணீரில் போட்டால் அழுகும்தானே?

பதில்: மேலே அழுகும், உள்ளே போகப் போக நின்றுவிடும். சதுப்புக் கரிமண் நிலங்கள் உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான், மண் கார்பனில் அவற்றின் பங்கோ ஏறக்குறைய மூன்றில் ஒன்று. காரணத்தை வேல்ஸில் கிறிஸ் ஃப்ரீமன் குழு 2001இல் அழகாகக் காட்டியது. ஃபீனால் பொருள்களை உடைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்தில் ஆக்சிஜன் இல்லை, ஃபீனால் சேர்ந்துகொண்டே போகிறது, சேர்ந்த ஃபீனால் மற்ற நொதிகளையும் முடக்கிவிடுகிறது. ஒற்றை நொதி முழு நிலத்தையும் பூட்டி வைத்திருக்கிறது. வாய்க்கால் வெட்டி வடித்தாலோ வறட்சி வந்தாலோ பூட்டு திறந்துகொள்ளும். வடித்த நிலத்தில் தண்ணீரை மறுபடி நிறுத்துவது, என்னைக் கேட்டால், மண் கார்பனுக்காகச் செய்யும் வேலைகளில் சந்தேகத்துக்கு மிகக் குறைவாக இடமுள்ளது. மீத்தேன் கொஞ்சம் கூடும், ஆனாலும் நீண்ட காலக் கணக்கில் லாபம்தான்.

கேள்வி: காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் வரும் வாசனைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. வாசனை ஜியோஸ்மின் என்ற பொருளுடையது, பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியா உண்டாக்குவது. அதே நேரத்தில் மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குபீரென்று கிளம்பும், அதற்கு வாசனை இல்லாததால் நமக்குத் தெரியாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை செய்த பிர்ச் என்பவர் 1958இல் இதை விரிவாக எழுதியதால் பிர்ச் விளைவு என்றே பெயர். வறட்சியில் தாக்குப்பிடிக்க நுண்ணுயிர்கள் தங்களுக்குள் சேர்த்து வைத்திருந்த கரைபொருள்களை, தண்ணீர் திடீரென்று வந்ததும் வெடிக்காமலிருக்க வெளியே கொட்டும். செத்தவையும் கரையும். உடைந்த மண்கட்டிகளுக்குள் மறைந்திருந்த கார்பனும் வெளிப்படும். விழித்தெழுந்தவற்றுக்கு ஒரே விருந்து. காலநிலை மாற்றம் என்றாலே சூடு மட்டும் என்று நினைக்கிறோம். நீண்ட வறட்சி, அப்புறம் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை என்ற இந்த மாறிமாறி வரும் தாளமும் சராசரி வெப்பம் அளவுக்கு முக்கியம்.

கேள்வி: மண்ணில் கார்பனைச் சேர்க்கும் நுண்ணுயிர்க் கலவை என்று பாட்டிலில் விற்கிறார்கள். வாங்கலாமா? விவசாயிகள் மண்ணில் கார்பன் சேர்த்தே உலகத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றும் சொல்கிறார்களே?

பதில்: பாட்டிலைப் பற்றி முதலில். ஒரு கிராம் மண்ணில் ஆயிரக்கணக்கான இனங்கள் இடத்துக்கும் தீனிக்கும் அடித்துக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து வந்து விழும் புதுசுகள் பெரும்பாலும் சில வாரங்களில் காணாமல் போய்விடும். பயறு வகைகளுக்கு ரைசோபியம் என்ற வேர்முடிச்சு பாக்டீரியாவைக் கொடுப்பது வேறு விஷயம், அதற்கு வேருக்குள் ஒதுக்கிய இடம் உண்டு, நூறு ஆண்டுக்கும் மேலான அனுபவமும் உண்டு. கார்பன் சேர்க்கும் கலவை என்றால், ஒரே நிலத்தில் தெளித்த பாத்தியையும் தெளிக்காத பாத்தியையும் பல ஆண்டு அளந்த கணக்கைக் கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள். ஏற்கெனவே மண்ணில் இருப்பவற்றுக்குச் சோறு போடுவது, அதாவது மூடாக்கு, தொழுவுரம், நிலத்தில் எப்போதும் ஏதாவது ஒரு வேர் உயிரோடிருக்கும்படி பயிர் வைப்பது, இதெல்லாம் பாட்டிலைவிட நிச்சயமானது.

இரண்டாவது பகுதி கொஞ்சம் கசப்பு. 2015இல் பாரிஸ் மாநாட்டின்போது ஆயிரத்துக்கு நான்கு என்ற முயற்சி தொடங்கியது. மண் கார்பனை ஆண்டுக்கு 0.4 சதவீதம் கூட்டினால் நம் வெளியீட்டில் பெரும்பகுதி ஈடாகும் என்பது கணக்கு. நல்ல நோக்கம், நானும் வரவேற்கிறேன். ஆனால் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843லிருந்து நடக்கும் பிராட்பால்க் கோதுமைச் சோதனையைப் பாருங்கள். ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் போட்ட பாத்தியில் மண் கார்பன் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. ஏறியது எப்படியென்றால் முதல் சில பத்தாண்டுகளில் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு ஏறக்குறைய சமநிலை. களிமண்ணில் ஒட்டும் இடத்துக்கும் எல்லை உண்டு, வரவு கூடக் கூடத் தின்பவர்களும் கூடுவார்கள். அந்த 35 டன் வேறு எங்கோ விளைந்த தீவனத்திலிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள். ஒரு வயலின் வைக்கோலை அள்ளி இன்னொரு வயலில் போட்டால் உலகக் கணக்கில் பெரிதாக எதுவும் கூடாது. உரத்தை நிறுத்தினால் சேர்ந்தது இறங்கவும் செய்யும். ரசாயன நைட்ரஜனை அள்ளிப் போட்டுப் பயிரைப் பெருக்கலாம் என்றால் வேறு பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியை நைட்ரஸ் ஆக்சைடாக்கிவிடும், அது எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல் 273 மடங்கு சூடு பிடிக்கும்.

மண்ணில் கார்பன் சேர்க்க வேண்டும் என்பதற்குத் தண்ணீர் பிடிப்பதும் விளைச்சலும் போதுமான காரணங்கள். நிலக்கரியைத் தொடர்ந்து எரிப்பதற்கு அதை ஒரு சாக்காக விற்கும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

கேள்வி: வேர்ப்பூஞ்சைகள் மரங்களிடமிருந்து கார்பன் வாங்கிப் புதைத்து வைக்கின்றன என்று படித்தேன். அவை நல்லவைதானே?

பதில்: நிலத்துத் தாவரங்களில் பெரும்பாலானவை பூஞ்சைகளோடு கூட்டு வைத்திருக்கின்றன: சர்க்கரை அங்கே போகும், பாஸ்பரஸும் நைட்ரஜனும் இங்கே வரும். ஆண்டுக்கு 1,300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு (இங்கே கார்பன் எடையாக எடுக்க வேண்டாம்) ஈடான கார்பன் இப்படிப் பூஞ்சைகளுக்குப் போகிறது என்று 2023இல் ஒரு மதிப்பீடு வந்தது, புதைபடிவ எரிபொருள் வெளியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இதைப் பலர் அவ்வளவும் புதைக்கப்படுகிறது என்று எழுதிவிட்டார்கள். போவது அவ்வளவு; தங்குவது எவ்வளவு என்பது வேறு கேள்வி. பூஞ்சையும் மூச்சு விடும், சாகும், தின்னப்படும்.

நல்லதா கெட்டதா என்பது ஆளைப் பொறுத்தது. குளிர்நாட்டு ஊசியிலை மரங்களோடு சேரும் ஒருவகைப் பூஞ்சை, மண்ணின் நைட்ரஜனை மற்ற மக்கச்செய்யும் உயிர்களுக்கு முன்னால் பறித்துக்கொண்டு அவற்றைப் பட்டினி போடுவதால் கார்பன் அதிகம் தேங்குகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. இன்னொரு பக்கம், வேரிலிருந்து புதுச் சர்க்கரை கசிந்தால் அந்தத் தெம்பில் நுண்ணுயிர்கள் பழைய கார்பனையும் உடைக்க ஆரம்பிப்பதும் உண்டு. புதிதாக ஒரு பங்கு உள்ளே போய்ப் பழையதில் ஒன்றரைப் பங்கு வெளியே வந்தால் யாருக்கு லாபம்? காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் செடி நன்றாக வளரும், மண்ணும் கொழுக்கும் என்று சொல்பவர்களிடம் இதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பள்ளியில் மாணவர்களோடு இதை அளந்து பார்க்க ஏதாவது வழி உண்டா? கருவி வாங்கப் பணமில்லை.

பதில்: தேநீர்ப் பை முறை இருக்கிறது. 2013இல் முறையாக வெளியிட்டார்கள், உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் செய்கிறார்கள். பச்சைத் தேயிலைப் பை ஒன்று, ரூயிபாஸ் (தென்னாப்பிரிக்க மூலிகைத் தேநீர்) பை ஒன்று. முதலாவது சீக்கிரம் மக்கும், இரண்டாவது மெதுவாக மக்கும். பை துணியோ காகிதமோ ஆக இருக்கக்கூடாது, மக்காத வலையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோண்டும்போது தேயிலையோடு பையும் காணாமல் போயிருக்கும். எடையை 0.01 கிராம் துல்லியத்தில் குறித்துக்கொண்டு, இரண்டையும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் பக்கத்துப் பக்கத்தில் புதையுங்கள், குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். 90 நாள் கழித்து எடுத்து, ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு (கழுவ வேண்டாம்), நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். பச்சைத் தேயிலை எவ்வளவு மிச்சம் என்பதிலிருந்து எவ்வளவு தங்குகிறது என்பதும், ரூயிபாஸ் எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து எவ்வளவு வேகமாக மக்குகிறது என்பதும் கிடைக்கும். நிழலில் ஒரு சோடி, வெயிலில் ஒரு சோடி, மூடாக்குப் போட்ட இடத்தில் ஒரு சோடி என்று வைத்தால் வித்தியாசம் தெரியும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று நான்கு சோடியாவது வையுங்கள், ஒன்றிரண்டை எலி தோண்டிவிடும்.